கனகராயன் ஆற்றங்கரைப் பிராந்து

மலருக்கு ஏதேனும் எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும், கிரிக்கெட் ஆட்டத்தையும் விடுதிச் சோற்றையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். அவற்றை எழுதுவோர் பலர் உளர். ஆதலின் இதுவரை எவரிடமும் சொல்லாத என் பிழையொன்றை எழுதுகின்றேன்.

1971 இல் கனகராயன் ஆற்றை அடுத்த சிற்றூரொன்றிலே ஆசிரியனாக இருந்தேன். வன்னிக் காட்டினூடே வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிறைக்கும் ஆறு அது. மிஞ்சிய நீர் சுண்டிக்குளக் கடனீரேரியைச் சேரும். மாரியிலே கரைபுரளும். கோடையிலே வெறும் மணலும் இடையிடையே மடுக்களுமாய்க் கிடக்கும். மாலை வேளையில் மருத மர நிழலிலே அசையாதிருப்பின், மானும் மரையும் பன்றியும் அம்மடுக்களைத் தேடித் தாமாகவே வரும். ஓய்வு நாள்களெல்லாம் எனக்கு அங்கேயே கழிந்தன.

பருந்துகள்தாம் என்னை மயக்கின. யாழ்ப்பாணத்திலே நமக்கு எல்லாமே பிராந்து. வெண்டலையுடைய செம்பருந்தையும் வால் பிளந்த கரும்பருந்தையும் அறிந்தவன் பறவை நூல் வல்லான்! வன்னியிலோ கபில நிறமும் கொண்டையும் உடைய பெரும் பறவைகள் இருவகை உள. இரண்டும் மரக்கொம்பிலே மணிக்கணக்காய் வாளா இருக்கும். ஒன்று பாம்பைத் தின்பது. மற்றது கோழியையும் முயலையும் கவர்வது.

அயல்வீட்டுப் பெரியவரின் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. முதிரை மரத்திலிருந்த பறவையைக் காட்டி, "மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். குஞ்சு தூக்கிறது இதுதானோ?" என்று கேட்டார். கொண்டையைக் கண்டேன், வேறெதையும் பார்த்திலேன். "ஓம் அப்பு, இதுதான்" என்றேன். அவருடைய இடியன் துவக்கு வெடித்தது.

விழுந்த பறவையின் வயிற்றிலே பாதி செரித்த பாம்பு கிடந்தது. பெரியவர் அதனை நெடுநேரம் பார்த்து, "பாம்பு தின்னியையெல்லோ சுட்டுப்போட்டம்" என்றார். "சுட்டுப்போட்டம்" என்றாரேயன்றி, "நீர் சொன்னீர்" என்றாரில்லை. மூன்றாம் நாள் மற்றொரு குஞ்சும் போயிற்று.

ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலைப் பின்னரே தேடிப் படித்தேன். கொண்டையை நம்பலாகாது, காலைப் பார்க்க வேண்டும். பாம்புண்ணும் பருந்தின் கால் மஞ்சள் நிறமாய், இறகின்றிச் செதிள் படர்ந்திருக்கும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலும் மஞ்சள் தோல் தெரியும். கோழி கவர்வதற்கோ விரலடி வரை இறகு மூடியிருக்கும். பறக்கும்போது முன்னதன் சிறகின் கீழே பின்னோரமாய் அகன்ற வெண்பட்டை காணலாம். இவையனைத்தும் அன்று என் கண்ணெதிரே இருந்தனவே!

அதன் பின்னரும் கடிதம் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் பெரியவர் என்னிடமே வந்தார். பறவையைப் பற்றி மட்டும் ஒருபோதும் கேட்டாரல்லர்.

போர் முடிந்து ஐந்தாண்டு கழித்து, 2014 இல் அவ்வாற்றங்கரைக்குச் சென்றேன். ஊரார் சிலரே மீண்டிருந்தனர்; பெரியவர் வீட்டு வளவிலே கிணறு மாத்திரம் எஞ்சியிருந்தது. உடன் வந்த சிறுவன் மருத மரத்தைச் சுட்டி, "ஐயா, அது என்ன பிராந்து?" என்றான். கொண்டை தெரிந்தது. கால் இலைகளுள் மறைந்திருந்தது. சற்றுப் பொறு என்று கூறி, இருவரும் மணலிலே அமர்ந்தோம்.