ஜலசந்தி இல்லை, விரிகுடா!

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் தென்கிழக்கு மூலையில், சுமார் 230 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது கடல். வரைபடத்தில் அதன் பெயர் ஃபிரோபிஷர் விரிகுடா.

1576-ல் ஆசியாவுக்குக் குறுக்கு வழி தேடி வந்த ஆங்கிலேயர் மார்ட்டின் ஃபிரோபிஷர், இதை ஜலசந்தி என்று நம்பித் தன் பெயரையே வைத்தார். வலப்பக்கம் ஆசியா, இடப்பக்கம் அமெரிக்கா என்பது அவர் கணக்கு! அது முட்டுச்சந்து என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு பயணங்களில் தங்கம் என்று நினைத்து ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லை வெட்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றுக்கும் உதவாத கல்.

முதல் பயணத்திலேயே ஐந்து மாலுமிகள் காணாமல் போயிருந்தார்கள். 1861-ல் அமெரிக்கர் சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் அங்கே போய், வழி அடைபட்டிருப்பதை நேரில் கண்டு, அது விரிகுடாதான் என்று உறுதிசெய்தார். இனுவிட் மூதாட்டி ஒருவர் அவரிடம் பழைய கப்பல்களைப் பற்றியும், ஐந்து வெள்ளையர் அங்கேயே தங்கிவிட்டதைப் பற்றியும் சொன்னார். 285 வருடங்கள் வாய்வழியாகவே வந்த செய்தி!

இவ்வளவு நினைவு வைத்திருந்தவர்களிடம் தங்கள் இடத்துக்கு ஒரு பெயர் இல்லாமலா போயிருக்கும்? ஆனால் கரையில் வளர்ந்த ஊரும் ஃபிரோபிஷர் பே என்றே அழைக்கப்பட்டது. 1987-ல்தான் இக்காலுவிட் என்ற சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. 'மீன்கள் நிறைந்த இடம்' என்று அர்த்தம். 1999-ல் நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரும் ஆனது.

வரைபடத்தில் கடல் மட்டும் இன்னும் வழி தவறி வந்தவர் பெயரிலேயே இருக்கிறது. அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் வைத்த பெயரோ அந்த இடத்தையே சொல்கிறது. எது சரியான பெயர்? நீங்களே சொல்லுங்கள்...