வயிற்றுக் கிருமியும் பாரிசவாதமும்

எங்கள் உம்மாவுக்கு வயிற்றெரிச்சல் புதிதல்ல. "கேஸ்ட்ரைட்டிஸ்தானே" என்று சொல்லியே பல வருடங்களைக் கடத்திவிட்டார். இடையில் பிரஷர் கூடி, இலேசான பாரிசவாதமும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எழுந்து நடமாடுகிறார். அன்றிலிருந்து தினமும் ஓர் அஸ்பிரின் குளிசை.

சென்ற வருடம் அம்பிட்டியவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்கார மாமி ஒருவர், "வயித்துக் கிருமிதான் பாரிசவாதத்தக் கொண்டு வருதாம். அதுக்கு மருந்தெடுத்தா போதுமாம்" என்றார். உம்மாவுக்கு அது பிடித்துப் போயிற்று. "அப்ப இந்த அஸ்பிரின நிப்பாட்டுவம் மகள். அதுதானே வயித்த எரிக்குது" என்றார். மறுநாளே உம்மாவைக் கண்டிக்கு அழைத்துச் சென்று டாக்டரிடம் காட்டினேன். அங்கு விளங்கிக்கொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபெக்டர் பைலோரி. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பெரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு டாக்டர்கள் அதை வளர்த்துக் காட்டினார்கள். 1984 இல் மார்ஷல் அக்கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புண்ணுக்கு உறைப்பும் மனக்கவலையும்தான் காரணம் என்ற எண்ணம் இவர்களால் மாறியது.

இக்கிருமிக்கும் பாரிசவாதத்துக்கும் தொடர்புண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில இல்லை என்கின்றன. கிருமியை ஒழித்தால் பாரிசவாதம் வராது என்று எவரும் நிரூபிக்கவில்லை. பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், இதயத் துடிப்பின் ஒழுங்கீனம் ஆகியவையே நன்கறிந்த காரணங்கள்.

ஆனால் உம்மா போன்றவர்களுக்குக் கிருமியால் வேறோர் ஆபத்து உண்டு. அஸ்பிரின் இரத்தம் கட்டிபடாமல் காக்கிறது. அதேவேளை இரைப்பையின் உட்சுவரைப் பலவீனமாக்குகிறது. கிருமியும் சேர்ந்துகொண்டால் புண் உண்டாகி இரத்தம் கசியலாம். பிரித்தானியாவில் அஸ்பிரின் எடுக்கும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2022 இல் வெளியானது. கிருமியை ஒழித்தபோது, முதல் இரண்டரை வருடங்களில் இத்தகைய இரத்தக் கசிவு குறைந்ததாம்.

உம்மாவின் மலத்தைப் பரிசோதித்ததில் கிருமி இருந்தது. இரண்டு வகை அன்டிபயோட்டிக்கும் அமிலத்தைக் குறைக்கும் குளிசையும் 14 நாட்களுக்குக் கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்ததும் பாதியில் விடாமல் முழுவதையும் எடுத்தார். அஸ்பிரினை மட்டும் நிறுத்த டாக்டர் சம்மதிக்கவில்லை. நாமாக நிறுத்தினால் பாரிசவாதம் திரும்பவும் வரக்கூடும் என்றார்.

சகோதரிகளே, மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். பழகிப்போன வயிற்றெரிச்சலையும் மறக்காமல் சொல்லுங்கள்.