டீக்கடையும் தாழ்ப்பாளும்

எங்கள் அணியில் பதினோரு பேர். அதில் நாலு பேர் பெண்கள். 2020 மார்ச் வரை எல்லோருக்கும் சோழிங்கநல்லூரில் ஒரே தளம், அடுத்தடுத்த இருக்கைகள். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் தகவல் தானாகப் பரவும் என்பார்கள். பரவியது உண்மைதான், ஆனால் வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடையில். யாருக்கு எந்த மாட்யூல், வாடிக்கையாளரைப் பார்க்க யார் போவது, எல்லாம் ஒரு சிகரெட் அணைவதற்குள் முடிவாகிவிடும். நாங்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போனால் பேச்சு நின்றுவிடும். "என்ன மேடம், டீயா?" என்பார்கள்.

ஊரடங்கில் அணி திரைக்குள் போனது. டீக்கடை இல்லாததால் எல்லாவற்றையும் எழுத வேண்டியதாயிற்று. எந்த வேலை யாருக்கு, ஏன் என்பதெல்லாம் டிக்கெட்டில் இருந்தது. என் யோசனையை வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், நான் அதை எழுதிய தேதியும் நேரமும் அங்கேயே இருந்தன. பன்னிரண்டு வருட வேலையில் முதல்முறையாக ஒரு முழு வடிவமைப்பை என் பெயரில் ஒப்படைத்தார்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பொய். அலுவலகத்தில் இருக்கும்போது என்னை நினைத்த நேரத்தில் கூப்பிட முடியாது. அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "வீட்டுலதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியம் போதும். கணவரும் வீட்டிலிருந்துதான் வேலை செய்தார். அவர் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. என் மேசை கூடத்தில். மீட்டிங் நடுவே குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே மைக்கை அணைப்பதில் நாங்கள் நால்வரும் கைதேர்ந்துவிட்டோம்.

இது புதிதில்லை. பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி, வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பெண்களை வைத்து 1962இல் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியவர்கள் அவர்கள். பெண் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததால் அவர் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். தொலைபேசியில் வீட்டுச் சத்தம் கேட்காமலிருக்கத் தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார். எங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, ஒரு பொத்தான் போதும்.

திரையில் தொலைந்தது இன்னொன்று: பெண்கள் கழிவறை. யாரோடு தனியாக லிஃப்டில் ஏறக்கூடாது என்பதைப் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அங்கேதான் தெரிந்துகொள்வார்கள். 2021இல் சேர்ந்த பெண்ணை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு சீனியர் இரவு பதினொன்றுக்கு அவளை வீடியோவில் அழைத்து, கேமராவை ஆன் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் வேலையை விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடும் பணியிடம்தான், புகார் கொடுத்திருக்கலாம். ஆனால் "இது தப்பு, கொடு" என்று சொல்லப் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

இப்போது வாரம் மூன்று நாள் அலுவலகம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017இன் திருத்தச் சட்டம். எங்கள் காப்பகம் இருந்த அறையில் பழைய மானிட்டர்கள் அடுக்கியிருக்கின்றன. காப்பகத்தைத் திறக்க வேண்டும், அலுவலகம் வரும் நாளிலும் வேலைப் பங்கீடு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். மூன்று பேர் கையெழுத்திட்டாயிற்று. நாலாவது தோழிக்கு இந்த மாதம் சம்பள உயர்வு முடிவாக வேண்டும். அதுவரை மனு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.