இரண்டும் சேருமிடம்

ஒரு பெருவேலையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது எளிதென எண்ணுவோர், கிளிநொச்சியிலே சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருமுறை சென்றுவரல் வேண்டும். கமக்காரரின் மகன் என்ற உரிமையோடு நான் பல கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறேன்.

கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் தொடங்கி 1920இல் கட்டிமுடித்த இரணைமடுக் குளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல ஆயிரம். காலபோகத்துக்கு மாரிமழை துணைநிற்கும். சிறுபோகத்துக்கோ குளத்து நீரே கதி. அந்நீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது, என்று துருசு திறப்பது, எத்தனை மாத நெல் போடுவது, மாடுகளை என்று முதல் கட்டிவைப்பது என்பனவெல்லாம் அங்கேதான் முடிவாகும். மாட்டுக்குத் தவணை குறிக்கும்போது எழும் ஆரவாரம் தண்ணீர்ப் பேச்சிலும் பெரிது!

பின்பு பொறுப்புகள் பிரிக்கப்படும். பெருவாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. வயல் வாய்க்காலின் துப்புரவு கமக்காரர் அமைப்புக்கு. உரவிநியோகம் கமநல சேவை நிலையத்துக்கு. கேட்கும்போது குறையொன்றும் தோன்றாது.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபோகத்திலே, குடலைப் பருவத்துப் பயிர் நீரின்றி வாடிநின்றது. பெருவாய்க்காலில் நீர் விட்டாயிற்று என்றார் ஒருவர். வயல் வாய்க்கால் துப்புரவாயிற்று என்றார் மற்றவர். இருவர் கூறியதும் மெய்யே. இரண்டும் சேருமிடத்தில் அடைத்துக் கிடந்த மண்ணும் சம்புமே எவர் பங்கிலும் எழுதப்படவில்லை.

"மோனை, அதுக்கும் ஆள் இருக்கு, இதுக்கும் ஆள் இருக்கு, ரெண்டும் முட்டிற இடத்துக்குத்தான் ஒருத்தருமில்லை" என்று கூறிவிட்டு, ஐயா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அவ்வாண்டு பாதி விளைச்சலே வீட்டுக்கு வந்தது. தங்கையின் படிப்புக்கென வைத்திருந்த பணம் கடனுக்குப் போயிற்று.

பாட்டனார் காலத்தில் வட்ட விதானையார் என்றொருவர் துருசிலிருந்து கடைசி வரம்புவரை தாமே நடப்பாராம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அப்பதவி மறைந்து, பயிர்ச்செய்கைக் குழுக்கள் தோன்றின. விதானைமாரின் ஓரவஞ்சனையையும் முதியோர் சொல்வர். ஆதலால் அப்பதவி மீளவேண்டும் என்பதன்று என் கருத்து. அந்த நடை மட்டும் யாருக்காவது உரியதாக இருந்திருக்கலாம்.

கல்லூரியில் குழுச் செயற்றிட்டம் கொடுக்கும்போது, தகவல் திரட்டுவோர், வரைபடம் வரைவோர், அறிக்கை எழுதுவோர் எனப் பிரித்தபின், குழுக்களுக்கிடையே நடப்பதற்கென்று ஒரு பெயரைத் தனியே எழுதுகிறேன். அதற்கும் புள்ளி உண்டு. இத்தவணை அப்பொறுப்பை ஏற்ற மாணவி, வரைபடக்காரரின் மேசையருகே நின்று, "செவ்வாய்க்கிழமை தருவதென்றீர்களே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.