அட்டையில் இரண்டு பெயர்கள்

"போர்வை பார்க்கவா இவ்வளவு கூட்டம்?" ஹூஸ்டன் நகரத்தின் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு அரங்கில் நுழைந்ததும் எங்களில் ஒருவர் கேட்டே விட்டார். டெக்சாஸில் ஓர் அம்பேத்கர் வாசகர் வட்டத்தில் பேசப் போயிருந்தோம். மறுநாள் ஓய்வு. தங்கியிருந்த வீட்டுத் தோழர், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச குயில்ட் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார்.

குயில்ட் என்பது பெரிய மர்மம் இல்லை. மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் குயில்ட். நம் வீடுகளில் அம்மாவின் பழைய சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்போமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். நாம் விரித்துப் படுத்ததை இவர்கள் உயர மாட்டி விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

கேலியோடுதான் போனோம். போட்டிக்கு வந்தவற்றின் முன்னால் கேலி நிற்கவில்லை. ஒன்றில் ஒரு கிழவியின் முகம். கிட்டே போனால் முகம் இல்லை, விரல்நகம் அளவுத் துணித் துண்டுகள்தான். இரண்டடி பின்னால் வந்தால் கிழவி திரும்பவும் நம்மைப் பார்க்கிறாள். இன்னொன்றில் வெள்ளைத் துணிமேல் வெள்ளை நூல் மட்டும். நிறமே இல்லாமல் தையலின் மேடுபள்ளத்தை வைத்தே ஒரு தோட்டம். அதன் முன் அரைமணி நேரம் நின்றோம்.

எங்கும் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். இந்த வார்த்தையை வேறு அர்த்தத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா! இங்கே எல்லோர் கைக்கும் ஒரே விதி. கையின் எண்ணெய்ப் பிசுக்குத் துணியைக் கெடுக்கும். பின்பக்கம் பார்க்க ஆசைப்பட்டால், வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர் வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். தையல் தெரிந்தவர்கள் எல்லோரும் பின்பக்கத்தைத்தான் கேட்டார்கள்.

சில போர்வைகளுக்குப் பக்கத்தில் இருந்த அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேல்துணியை இணைத்தவர் ஒருவர். மூன்றடுக்கையும் நீளக்கை மெஷினில் சேர்த்துத் தைத்தவர் இன்னொருவர். "இரண்டாமவருக்குக் கூலி கொடுத்தாச்சே, பெயர் எதற்கு?" என்று கேட்டதற்கு, தோழர் 1933ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார்.

அந்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் குயில்ட் போட்டி வைத்தது. பெருமந்தக் காலம். முதல் பரிசு 1,000 டாலர். 24,000க்கும் மேற்பட்ட குயில்ட்டுகள் வந்து குவிந்தன. பரிசு வாங்கியவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கேடன். அவர் அதில் ஓர் ஊசி கூடக் குத்தவில்லை. கூலிக்குப் பெண்களை வைத்துத் தைத்து வாங்கித் தன் பெயரில் அனுப்பினார். தைத்தவர்களில் ஒருவர் மேட்டி பிளாக். பரிசுப் பணத்தில் அந்தப் பெண்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. வேலை போய்விடும் என்று அவர்கள் வாயைத் திறக்கவும் இல்லை. குயில்ட் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசாகப் போனது. பிறகு காணாமலே போய்விட்டது.

ஹேரியட் பவர்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்த அவருடைய குயில்ட்டை 1886இல் ஏதென்ஸ் ஊர்ப் பருத்திச் சந்தையில் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை முற்ற, 10 டாலர் கேட்டு 5 டாலருக்குக் கொடுத்தார். விற்ற பிறகும் அதைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போய் வந்தாராம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்தார். குயில்ட் இன்று ஸ்மித்சோனியனில் பவர்ஸின் பெயரோடு இருக்கிறது. 5 டாலர் அநியாயம்தான். ஆனால் பெயரைத் திருடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பேச்சு அடங்கிவிட்டது, தோழர்களே. முந்தின நாள் கூட்டத்தில் ஒரு படத்தைத் திரையில் போட்டுக் கைதட்டு வாங்கியிருந்தோம். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் நாங்கள் தூக்கிப்போன பேனர் அது. நீலத் துணியில் வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைத்த பாபாசாகேப், பின்னால் சூரியக் கதிர்கள். "எங்கள் பேனர்" என்றுதான் சொன்னோம். படத்தின் கீழே அமைப்பின் பெயரும் வரைந்து கொடுத்தவரின் பெயரும் இருந்தன. பத்து நாள் ராத்திரியில், வேலை முடிந்து வந்து, காலனியில் இரண்டு மெஷினை வைத்துத் தைத்த பெண்களின் பெயர்? எங்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியவில்லை.

அன்றிரவு ஊருக்குப் போன் போட்டோம். அங்கே விடிந்துவிட்டிருந்தது. மெஷின் கொடுத்த அக்கா சிரித்தார். "இப்ப எதுக்குக் கண்ணு இதெல்லாம்? அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தீங்கல்ல, போதும்." பிறகு ஏழு பெயர் சொன்னார். யார் எந்தப் பகுதியைத் தைத்தார்கள் என்பது வரை நினைவிருந்தது. கதிர்களைத் தைத்த பெண்ணின் பெயரை மட்டும் சொல்லத் தயங்கினார். அவள் டவுனில் ஒரு ஆதிக்க சாதிக்காரரின் தையல் கடையில் வேலை செய்கிறாள். பெயர் வந்தால் வேலைக்கு ஆபத்து. "அவளையே கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் போடாதே" என்றார்.

படத்தை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். அக்காவின் போனுக்குக் காத்திருக்கிறோம்.