பீரோவுக்குப் பின்னால்

ஜூன் 11, புரோத்ராபூர்

மழை சற்று விட்டிருந்தது. மகனும் நானுமாகப் பீரோவை நகர்த்தினோம். பின்சுவரில் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குக் கரும்புள்ளிகள். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று கலந்து வட்டமாகப் படர்ந்திருந்தன. பீரோவின் முதுகுப் பலகையில் சாம்பலும் பச்சையும் கலந்த மெல்லிய ரோமப் படலம். விரல் பட்டதும் தூளாகப் பறந்தது. நாலடி தள்ளி, கதவோரத்தில் அதே சுவர் சுத்தமாக இருக்கிறது. காற்று அடைபட்ட இடத்தில்தான் பூஞ்சை பிடித்திருக்கிறது.

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. தூசி, பெயின்ட், பலகை, துணி, தோல்செருப்பு என்று அவற்றுக்குத் தீனிக்கும் குறைவில்லை. நம்மால் தடுக்க முடிந்தது ஈரம் ஒன்றைத்தான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. ஆனால் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால், எங்கள் போர்ட் பிளேர் வட்டாரத்தில் 3,000 மி.மீ. பக்கம். மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஓய்வில்லை. இங்கே எதைக் காய வைப்பது?

ஜூன் 12

அத்தைக்கு இரவெல்லாம் இளைப்பு. அவர் படுப்பது பீரோ இருக்கும் அறையில்தான். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டது. கறுப்பா பச்சையா, எந்த வகை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. எதுவானாலும் அகற்ற வேண்டியதுதான். அத்தையின் கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம்.

ஜூன் 14

கொத்தனார் அண்ணன் வந்தார். சுவரைக் கையால் தட்டிக்கொண்டே போனவர், கீழே வெள்ளையாகப் பூத்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தார். வெள்ளை கரைந்து மறைந்தது. “இது பூஞ்சை இல்லம்மா, உப்பு. கீழேயிருந்து ஓதம் ஏறுது. மேலே பெயின்ட் அடிச்சு மூடினா ஈரம் உள்ளேயே நிக்கும். முதல்ல தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு பாக்கணும்.”

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தோம். மேட்டை வெட்டிக் கட்டிய வீடு எங்களுடையது. மழையில் சரிந்த மண் சுவரோடு குவிந்து கிடக்கிறது. தகரக் கூரையிலிருந்து விழும் தண்ணீர் அந்த மண்ணில் ஊறிச் சுவருக்குள் இறங்குகிறது. மண்ணை அள்ளிவிட்டு, சுவரை ஒட்டிச் சரிவாக ஒரு சிமென்ட் கால்வாய் போடவும், கூரை விளிம்பில் தண்ணீர்த் தகரம் கட்டவும் பேசியாயிற்று.

ஜூன் 17

கால்வாய் முடிந்தபின் சுவரைக் கழுவினேன். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் வழித்தெடுத்தேன். துணிகளைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். பீரோவின் முதுகுப் பலகை ஊறி உப்பியிருந்தது. அதையும் கழற்றி எறிந்தோம். ஊறிய ப்ளைவுட்டின் உள்ளே போன பூஞ்சையைத் துடைத்து எடுக்க முடியாது.

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்த நீர் குளியலறை டைல்சுக்குச் சரி. சிமென்ட் பூச்சில் குளோரின் மேலோடு நின்றுவிடும், தண்ணீர்தான் உள்ளே இறங்கும். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும்.

சுவர் நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. சுவருக்குள் இருக்கும் ஈரமும் அதன் வழியே வெளியேறும்.

ஜூன் 20

ஈரப்பதமானி வாங்கினோம். அறைக்குள் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். “ஜன்னலைத் திறந்து வை” என்று எல்லோரும் சொல்வது எந்நேரத்துக்கும் பொருந்தாது. மழை பெய்யும்போது திறந்தால் வெளியிலிருக்கும் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் அடிக்கும் மதியத்தில் திறந்து, மின்விசிறியைப் போடுவதே பலன் தருகிறது. அறையிலுள்ள அதே காற்றை 31 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 72-க்குப் பக்கம் இறங்கிவிடும். பழைய ஆட்கள் பீரோவின் அடித்தட்டில் ஒரு சிறிய குண்டு பல்பை எரியவிட்டது இதற்காகத்தான். துணி படாமல் கம்பிக்கூடு போட்டு நாங்களும் வைத்திருக்கிறோம். தண்ணீர் டிரம்களை இறுக மூடியாயிற்று. துணி உலர்த்தும் கொடி அறையைவிட்டு வராந்தாவுக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார். பச்சைப்பூஞ்சை. “கழுவி வறுத்துடட்டுமா?” கூடாது என்றேன். கடலையிலும் கொப்பரையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுதாக அழியாது. காசு போகிறதே என்று அக்காவுக்கு மனசில்லை, ஆனாலும் கொட்டிவிட்டார்.

ஜூன் 23

தெருக்கோடியில் தம்பி ஒருவர் வீடு கட்டுகிறார். அஸ்திவாரம் முடிந்து செங்கல் ஏறப்போகிறது. போய் நின்று கேட்டேன், டி.பி.சி. போட்டீர்களா என்று. செலவு பார்த்து விட்டுவிட நினைத்தாராம். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓதத்தைத் தடுக்கும் அந்தக் கான்கிரீட் பட்டையை இப்போது போடுவது எளிது. சுவர் எழும்பிவிட்டால் அடிச்சுவரைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து பின்சுவரைக் காட்டினேன். கைவைத்துப் பார்த்தார். அங்கேயே கொத்தனாருக்குப் போன் போட்டு, செங்கல் வேலையை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்.