ஒரு மில்லிக்குக் கீழே

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைகளின் எல்லை ஒரு மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன டிரில் பிட் கேட்டால், "அதுக்குக் கீழ நம்மகிட்ட கிடையாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். நியாயம்தான். ஆசாரிக்கோ பிளம்பருக்கோ அரை மில்லித் துளையால் ஒரு காரியமும் இல்லை. அது வேண்டியவர்கள் நகை வேலைக்காரர்களும் எலக்ட்ரானிக்ஸ்காரர்களும். பிறகு, பஸ்ஸையும் கப்பலையும் மேஜைமேல் நிற்கிற அளவுக்குச் சுருக்கிச் செய்கிற எங்களைப் போன்றவர்கள். எங்களுக்கென்று தனிக்கடை கிடையாது. மற்ற இரண்டு தொழில்காரர்களின் கடைகளில் போய்த்தான் தேடவேண்டும். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய அந்தத் தெருவுக்குள், எழுத்தாளர் ஆ. மாதவன் தன் கதைகள் பலவற்றை எடுத்த அந்த நெரிசலுக்குள், இப்படித் தேடிப் போவது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

நான் செய்துகொண்டிருப்பது கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய மாடி பஸ், 1:50 அளவில். படியேறுகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பி ஏறத்தாழ 30 மில்லிக் கனம் என்று வைத்துக்கொண்டால், ஐம்பதால் வகுக்க 0.6 வரும். அந்தக் கனத்தில் செம்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. அதைச் செருகுவதற்குத்தான் துளை வேண்டும். பசை தடவி மேலேயே ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டிய கம்பி ஒட்டியதாகவே தெரியும். விரல் பட்டால் கையோடு வந்துவிடும். துளைக்குள் இறங்கிய கம்பிதான் வண்டியின் உறுப்பாக நிற்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைப்பது சர்க்யூட் போர்டைத் துளைக்கும் பிட். பிடிக்கும் பாகம் கால் விரற்கடைகூட இராது: 3.175 மில்லி, அதாவது எட்டில் ஒரு அங்குலம். கழுத்தில் நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் வளையம். அதற்கப்புறம் சட்டென்று மெலிந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு முனை. டங்ஸ்டன் கார்பைடில் செய்தது. பார்க்க அழகு, கூர்மையும் அபாரம். ஆனால் அது பிறந்தது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் தொழிற்சாலை இயந்திரத்துக்காக. நேராக இறங்கி நேராக ஏறும் வரைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மனிதக் கை அப்படி இறங்காது. பக்கவாட்டில் ஒரு சின்னச் சாய்வு போதும், முறிந்துவிடும். வளையத் தெரியாத பொருள் அது. நகைக் கருவிக் கடையில் கிடைக்கும் ஹைஸ்பீட் எஃகு பிட் கடினத்தில் ஒரு படி குறைவு. கை கொஞ்சம் தவறினாலும் வளைந்துகொடுத்துத் தாங்கும். பழைய அங்குலக் கணக்கில் இவற்றுக்கு எண் போட்டு விற்பதும் உண்டு. எண் கூடக்கூடப் பிட் மெலியும்: 60 என்றால் ஒரு மில்லிக்குச் சற்று மேல், 80 என்றால் 0.34 மில்லி.

மோட்டார் வேண்டாம். வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். கையால் சுழற்றும் பின் வைஸ் போதும். அதன் தலை உள்ளங்கையில் தனியாகச் சுழன்றுகொடுக்கும். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் தண்டை உருட்டும். துளைக்க வேண்டிய இடத்தில் முதலில் ஊசியால் ஒரு குழி. பிட்டின் முனை ஐந்தாறு மில்லி மட்டும் வெளியே நீண்டிருக்கட்டும். அழுத்தவே கூடாது, கருவியின் எடையே போதும். வெள்ளைப் பிளாஸ்டிக் மயிரிழைபோல் சுருண்டு மேலே வரும். அந்த இழை வருவது நின்றால் பிட்டை உருவி, பிரஷ்ஷால் துடைத்துவிட்டுத் திரும்ப இறக்கவேண்டும். மறுபக்கம் பிதுங்கிச் சில்லு தெறிக்காமலிருக்க அடியில் ஒரு மரத்துண்டு. முடிந்தால், பாதியில் நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து துளைத்து நடுவில் சந்திப்பது இன்னும் நல்லது.

இந்தக் கடைசி உபாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொடுமணல் ஞாபகம் வரும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரை ஊர். மேல்கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகும் பழைய சேரநாட்டுப் பாதையில் இருந்தது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் கருத்து; இருவருமே அதை அணிகலன்களோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அங்கே தோண்டியபோது வேலை முடிந்த மணிகள் மட்டும் வரவில்லை. உருக்கொடுத்து மெருகேற்றாதவை, துளைக்காமல் விட்டவை என்று வேலையின் பல கட்டங்களில் நின்றுபோன கல்மணிகளும் வந்தன. சூதுபவளம், பளிங்கு, பெரில். இவற்றில் எதையும் சாதாரண எஃகு சரியாகக் கீறக்கூட முடியாது. பழைய தென்னிந்திய, இலங்கை மணிகள் சிலவற்றின் துளைச் சுவரில் படிந்திருக்கும் வரித்தடங்களைப் பார்த்து, வைர முனையால் துளைத்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். குஜராத்தில் காம்பே மணிக்காரர்கள் இன்றும் கம்பி நுனியில் இரண்டு வைரப் பொடிச்சில்லுகளைப் பதித்து, வில்லால் சுழற்றித் துளைக்கிறார்கள். இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திப்பதும் கல்மணி வேலையில் மிகப் பழைய வழக்கம். இரண்டு துளைகளும் நேர்கோட்டில் சேராமல் போனால் உள்ளே ஒரு சின்னப் படி விழும்; நூல் கோத்துவிட்டால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் நேராகச் சேர்ந்த துளைகள் எத்தனையோ இருக்கின்றன. பூதக்கண்ணாடி விளக்கு இல்லாத காலத்தில், அரை விரல் நீளக் கல்லுக்குள், கண் போகாத இடத்தில் இரண்டு துளைகளைச் சந்திக்கவைத்தவருடைய கையை நான் மனதாரக் கும்பிடுகிறேன். மன்னர் பெயரும் புலவர் பெயரும் நமக்கு வந்து சேர்ந்தன. மணி துளைத்தவர் பெயர் வரவில்லை.

கேரளத்தில் பஸ் மாடல் செய்கிற பையன்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஃபோம் ஷீட்டிலும் பிளாஸ்டிக்கிலும் நம் சிவப்பு பஸ்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்கிறார்கள். அவர்களுக்கு என் சிபாரிசு: கையால் துளைக்கிறவர்கள் கார்பைடு வாங்காதீர்கள், எஃகு வாங்குங்கள், ஒவ்வொரு அளவிலும் இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 0.4 முதல் 0.9 வரைக்கும் எஃகு பிட்டுகள் போட்டு ஒரு சின்ன டப்பா வாங்கி வையுங்கள். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.